கால் பிடிப்புக்குக் கடையில் மாத்திரை கேட்காதீர்கள்

நடுராத்திரியில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கிறது. விடிந்ததும் மருந்துக்கடையில் போய், "கால் நரம்பு இழுக்குது, ஏதாவது குடுங்க" என்கிறார்கள். வலி மாத்திரை, சத்து மாத்திரை, சில நேரம் குயினைன் என்று கைக்கு வந்ததை வெட்டிக் கொடுக்கிறார்கள். மருத்துவர் சீட்டு எங்கே என்று கேட்பாரில்லை.

குயினைன் மலேரியா மருந்து. கால் பிடிப்பை ஓரளவு குறைக்கும், உண்மைதான். ஆனால் சிலருக்கு ரத்தத் தட்டணுக்களைத் திடீரெனச் சரித்துவிடும், இதயத்துடிப்பைக் குலைக்கும்; உயிரே போகலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதைக் கால் பிடிப்புக்குப் பயன்படுத்தக் கூடாதென்று 2006-இலேயே எச்சரித்துவிட்டது. மக்னீசியம் மாத்திரையும் முதியவர்களின் பிடிப்பைத் தடுப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்தும்கூட.

நீங்கள் ஏற்கெனவே விழுங்கும் மாத்திரையே காரணமாக இருக்கலாம். பிரஷருக்கோ கால் வீக்கத்துக்கோ தரும் நீர் மாத்திரை, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர் ஆகியவற்றில் சில பிடிப்பைக் கொண்டுவரும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரே பையில் போட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள். "இதில் எது காலைப் பிடிக்கவைக்கும்?" என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். சர்க்கரை, கிரியாட்டினின், பொட்டாசியம், கால்சியம், தைராய்டு பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தாலோ, கொழுப்பு மாத்திரை சாப்பிடுபவருக்கு உடம்பெல்லாம் வலித்துச் சிறுநீர் கறுத்தாலோ, அன்றே போங்கள்.

பிடிக்கும்போது காலை நீட்டி, பாதத்தை முழங்கால் பக்கம் மடக்குங்கள். படுக்கும் முன் சுவரில் கை ஊன்றி, குதிகால் தரையில் பதிய, கெண்டைக்காலை நீட்டி இழுத்துப் பழகுங்கள். செலவில்லாதது என்பதாலேயே பலர் இதைச் செய்வதில்லை.

மருந்து வாங்கினால் தொகுதி எண் உள்ள பில்லைக் கேட்டு வாங்குங்கள். கடையில் வாங்கிய மருந்தைச் சாப்பிட்டபின் காதில் இரைச்சல், தோலில் ரத்தப் புள்ளி, படபடப்பு வந்தால் அடுத்த வேளை மாத்திரையைத் தொடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அதன்பின் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024-இல் அந்தப் பக்கவிளைவைப் பதிவு செய்யுங்கள், நோயாளியே சொல்லலாம். சீட்டில்லாமல் விற்ற கடைமீது மாவட்ட மருந்து ஆய்வாளரிடம், பில் நகலுடன் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். வாய்மொழிப் புகாருக்கு எந்த அலுவலகமும் அசையாது.

மறுபடியும் சொல்கிறேன்: கால் பிடிப்புக்காகக் கடைக்காரரிடம் குயினைன் வாங்காதீர்கள்.