டீசல் செலவுக்கு மாற்று: சிவகிரித் தோட்டங்களில் சூரிய பம்பு செட்

தென்காசி மாவட்டம் சிவகிரி வட்டாரத்தில் நெல்லோ, கரும்போ, எலுமிச்சையோ எது வைத்தாலும், குளம் வற்றிய பிறகு கிணறுதான் கதி. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே அடிக்கும் காற்றில் சங்கரன்கோவில் பக்கத்துக் காற்றாலைகள் விடாமல் சுற்றுகின்றன. அந்த மின்சாரம் பெரிய கம்பியில் ஏறிப் போய்விடுகிறது. இணைப்புக்கு மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் தோட்டக்காரருக்கு டீசல் எஞ்சின்தான் துணை.

1990 முதல் விவசாய பம்பு செட்டுக்கு மின்சாரம் இலவசம். ஆகவே இணைப்பு உள்ளவர் சூரிய பம்பைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதில் தவறும் இல்லை. டீசல்காரர் கணக்கு வேறு. 5 குதிரைசக்தி எஞ்சின் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும். சூரிய பம்புக்கு இந்தத் தினச் செலவு கிடையாது. முதல் போடுவதுதான் பாரம். 2019ல் தொடங்கிய பிரதமரின் குசும் திட்டத்தில் 7.5 குதிரைசக்தி வரையுள்ள பம்புக்கு மத்திய அரசின் பங்காக 30 விழுக்காடு மானியம் வகுக்கப்பட்டது. மாநில மானியம் தனி. மிச்சத்தை விவசாயி கையிலிருந்து கட்ட வேண்டும். சிறு விவசாயி தயங்குவது இங்கேதான்.

வாங்குமுன் கிணற்றைப் பார்க்க வேண்டும். ஊற்று குறைந்த கிணற்றில் பெரிய பம்பு வைத்தால் தண்ணீர் கூடாது, பணம்தான் கூடும். காலையில் மெதுவாகத் தொடங்கி, உச்சியில் நன்றாக இறைத்து, மாலையில் தணிவது சூரிய பம்பின் குணம். தொட்டி கட்டிச் சொட்டுநீர் விட்டால் எலுமிச்சைக்கு மிகவும் ஏற்றது. நெல்லுக்குப் பாய்ச்சுவோர் யோசித்துச் செய்யலாம். 5 குதிரைசக்திக்குச் சுமார் 5 கிலோவாட் பலகைகள் தேவை. தென்னை நிழல் விழக் கூடாது. தூசி துடைக்காவிட்டால் தண்ணீர் குறையும். மலையடிவாரத்தில் யானை இறங்கும் தோட்டமானால் பலகைகளை வீட்டை ஒட்டி அமைப்பதே நல்லது.

தனி ஆளுக்கு முடியாததை ஊராகச் செய்தும் பார்த்திருக்கிறார்கள். மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி, 2006ல் சேமிப்பும் வங்கிக் கடனுமாக ரூ.1.55 கோடியில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. ஊரின் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றது. காற்று வளமுள்ள சிவகிரிப் பக்கத்து ஊராட்சிகள் இதைக் கேட்டறியலாம்.

சூரிய பம்பு வேண்டுவோர் சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்றுடன் வேளாண்மைப் பொறியியல் துறை உதவிச் செயற்பொறியாளரை அணுகி, நடப்பு ஆண்டின் மானிய விகிதத்தையும், தங்கள் பகுதியில் நிலத்தடி நீர்க் கட்டுப்பாடு உண்டா என்பதையும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.