ஏரிக்குள் பூதம் உண்டோ?

ஏரியில் பூதமொன்று வாழ்கிறது என்று ஆண்டர்சன்பேட்டையில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். பேய் உண்டா என்றால் உண்டு என்பார்கள். ஏரிக்கரை மரத்தில் முனி இருக்கிறார் என்றால் சற்றே குரலைத் தாழ்த்திக் கொள்வார்கள். ஆனால், தண்ணீருக்குள் முப்பதடி நீள விலங்கு ஒளிந்து வாழ்வதாக எங்கள் பக்கத்துக் கிழவிகள்கூடக் கதை சொல்லி நான் கேட்டதில்லை.

காரணம் எளிது. கோலார் மாவட்டத்தில் ஏரிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. தங்கவயலுக்குக் குடிநீர் தந்த பேத்தமங்கலம் ஏரியும் பாலாற்றை நம்பிய ஏரிதான். பாலாறோ வானத்தை நம்பிய ஆறு. வானம் பொய்த்தால் ஏரி வற்றும். வற்றினால் தரை தெரியும். ஊரே கூடையும் வலையுமாக இறங்கும். பூதம் இருந்திருந்தால் அன்றே குழம்பாகியிருக்கும்! ஏரிப் பூதத்திற்கு முதல் தேவை ஒளிய இடம். வற்றாத, ஆழமான, கலங்கிய நீர் இருக்கும் நாட்டில்தான் அந்தக் கதை பிறக்கிறது.

அத்தகைய நாடு ஸ்காட்லாந்து. அத்தகைய ஏரி நெஸ் ஏரி. நீளம் ஏறக்குறைய 37 கிலோமீட்டர். அகலம் ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆழம் மிகுந்த இடத்தில் 230 மீட்டர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள ஏரிகளின் நீரையெல்லாம் ஒன்றாகக் கொட்டினாலும் இதற்கு ஈடாகாது. மலைச்சேற்றின் கரைசலால் நீர் கருந்தேநீர் நிறத்தில் இருக்கும். உள்ளே சில மீட்டருக்கு அப்பால் கண் தெரியாது. இதைவிட நல்ல ஒளிவிடம் பூதத்திற்கு எங்கே கிடைக்கும்?

இக்கதை மிகப் பழையது என்பார்கள். ஆறாம் நூற்றாண்டில் கொலம்பா என்னும் துறவி, நெஸ் ஆற்றில் மனிதனை விழுங்க வந்த விலங்கை ஓட்டினார் என்று, ஒரு நூற்றாண்டு கழித்து எழுதப்பட்ட அவருடைய வரலாறு கூறுகிறது. நமக்கும் இத்தகைய வரலாறு புதிதன்று. அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்டுத் தந்ததாகச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். இரண்டும் அடியாரின் பெருமையைச் சொல்ல வந்தவை. குளத்தில் என்னென்ன பிராணிகள் உள்ளன என்று கணக்கெடுக்க வந்தவையல்ல. இன்று உலகமறிந்த பூதம் உண்மையில் 1933ஆம் ஆண்டுக் குழந்தை. ஏரியின் வடகரைச் சாலை சீர்செய்யப்பட்ட நேரம் அது. அவ்வழியே காரில் சென்ற ஓட்டல்காரத் தம்பதியர் நீரில் ஏதோ பெரிதாகப் புரண்டதைக் கண்டதாக, அவ்வாண்டு மே 2ஆம் நாள் உள்ளூர்ப் பத்திரிகையொன்று எழுதியது. அதே ஆண்டில் 'கிங் காங்' திரைப்படமும் வந்தது. அதில் நீரிலிருந்து நீண்ட கழுத்தோடு எழும் ஒரு விலங்கு உண்டு. அதன் பின்னர் நெஸ் ஏரியில் கண்டவர்களுக்கெல்லாம் நீண்ட கழுத்தே தெரிந்தது.

பத்திரிகைகளுக்குச் சொல்ல வேண்டுமா? லண்டன் 'டெய்லி மெயில்' பத்திரிகை வெதரெல் என்ற வேட்டைக்காரரை அனுப்பியது. அவர் கரையில் காலடித் தடங்களைக் கண்டுபிடித்தார். தடங்களை ஆராய்ந்த அருங்காட்சியகத்தார், அவை பதனிட்ட நீர்யானைக் காலால் பதித்தவை என்று சொல்லிவிட்டார்கள். அவமானப்பட்ட வெதரெல் சும்மா இருக்கவில்லை. 1934 ஏப்ரலில் அதே பத்திரிகையில் வெளியான படம், கழுத்தை உயர்த்தி நீந்தும் பூதத்தின் அந்தப் புகழ்பெற்ற படம், அவர் வீட்டாரின் கைவேலை. விளையாட்டுச் சாமானாகிய நீர்மூழ்கிக் கப்பலின் மேல் ஒரு தலையைச் செய்து ஒட்டியிருந்தார்கள். லண்டன் மருத்துவர் ஒருவர் பெயரில் படத்தைக் கொடுத்ததால் உலகம் நம்பியது. உண்மை முழுமையாக வெளிவந்தது 1994இல். அறுபது ஆண்டுகள்!

ஒரு படம் பொய் என்பதால் விலங்கே பொய்யாகிவிடாது என்று வாதிடும் நண்பர்கள் உண்டு. நியாயமான வாதம். ஆகவே படத்தை விட்டுவிட்டு விலங்குக்கே வருவோம். பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வரை அந்தப் பள்ளத்தாக்கு பனிப்பாறையின் கீழே இருந்தது. ஆகவே எந்த விலங்கும் அதற்குப் பின்னரே அங்கே குடியேறியிருக்க வேண்டும். பலர் சொல்லும் 'பிளீசியோசார்' என்ற நீர்வாழ் ஊர்வன இனமோ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மறைந்து போயிற்று. அந்த இனத்தில் சில நன்னீரிலும் வாழ்ந்தன என்பதற்கு மொராக்கோவில் எலும்புகள் கிடைத்துள்ளன. அது 2022இல் வெளியான செய்தி. எனினும் அவை நுரையீரலால் மூச்சு விடுபவை. நாளுக்குப் பலமுறை மேலே வந்துதான் ஆக வேண்டும். அன்னம்போல் கழுத்தை உயர்த்தி வளைக்க அவற்றின் கழுத்தெலும்பு இடம் கொடுத்திராது என்பது எலும்பை ஆராய்ந்தவர்கள் கூற்று.

என்னைக் கவர்ந்தது சோற்றுக் கணக்கு. பூதமானாலும் தின்ன வேண்டுமல்லவா? நெஸ் ஏரியின் நடுநீரில் உள்ள மீன்கள் எல்லாம் சேர்ந்து சுமார் 20 டன் எடை இருக்கும் என்று ஒலிக்கருவிகளால் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஏரி பெரிது, ஆனால் குளிர்ந்த, சத்தற்ற நீர், மீன் குறைவு. வேட்டையாடும் விலங்குகளின் மொத்த எடை இரையின் எடையில் பத்தில் ஒரு பங்களவே நிற்கும் என்பது ஒரு பொது மதிப்பு. அப்படியானால் பூதக் குடும்பம் முழுவதற்கும் சேர்த்து 2 டன். ஆயிரமாண்டாகத் தாத்தா, பேரன் என்று வம்சம் தழைக்க ஒரு பூதம் போதாது, பத்தாவது வேண்டும். பத்துக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 200 கிலோ. நம்மூர் எருமையில் பாதி! பத்தும் போதாது, ஐம்பது வேண்டும் என்றால் ஆளுக்கு 40 கிலோ. அதற்குப் பூதம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். "தேடிக் கிடைக்கவில்லை என்பது இல்லை என்பதற்குச் சான்றாகுமா? 'சீலகாந்த்' என்ற மீன் எப்போதோ அழிந்தது என்றிருந்தார்களே, 1938இல் தென்னாப்பிரிக்கக் கரையில் வலையில் வரவில்லையா?" வந்தது. ஆனால் அது கடல், எல்லையற்றது, அந்த ஆழத்தை அதுவரை யாரும் துருவிப் பார்க்கவில்லை. தேடாததனால் கிடைக்காதது வேறு. தேடியும் கிடைக்காதது வேறு.

இந்த வேறுபாட்டைத் தங்கவயல்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. 2001இல் மூடப்பட்ட எங்கள் சுரங்கங்களில் தங்கம் மட்டுமா தேடினார்கள்? டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் விண்ணிலிருந்து வரும் துகள்களையும் பூமிக்கடியில் தேடினார்கள். 1960களின் தொடக்கத்தில், இரண்டே முக்கால் கிலோமீட்டர் ஆழத்தில் கருவியை வைத்து இரண்டு மாதம் காத்திருந்தார்கள். ஒரு துகள்கூட வரவில்லை. தோல்வியா? இல்லை. மேலிருந்து வரும் சாதாரணத் துகள் எதுவும் இவ்வளவு ஆழத்தை எட்டாது என்றால், இனி இங்கே ஏதேனும் தென்பட்டால் அது பாறையை ஊடுருவும் 'நியூட்ரினோ'வின் வேலையாகவே இருக்க வேண்டும். 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், ஜப்பானியரும் ஆங்கிலேயரும் துணைநிற்க, வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைக் கண்டார்கள். கருவியின் திறமை இன்னதென்று தெரிந்திருந்ததால் 'ஒன்றுமில்லை' என்ற விடைக்கும் விலை இருந்தது. 1980களில் அதே ஆழத்தில் 140 டன் இரும்பை அடுக்கிப் புரோட்டான் அழிகிறதா என்று பார்த்தபோது, அழிந்ததுபோன்ற சில தடங்கள் தெரிந்தன. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அதைவிடப் பெரிய கருவிகள் தேடின, அவற்றில் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை. ஒருவர் கண்டது மெய்யானால், அவரைவிடக் கூர்மையான கண்ணுக்கும் அது தெரிய வேண்டுமல்லவா?

நெஸ் ஏரிக்கும் இந்தச் சோதனை நடந்துவிட்டது. 1987இல் படகுகளை வரிசையாக நிறுத்தி ஒலியலையால் ஏரியைத் துழாவினார்கள். 2003இல் மீண்டும். 2018இல் நியூசிலாந்து ஒடாகோ பல்கலைக்கழகத்து நீல் கெம்மல் என்பவர் விலங்கைத் தேடவில்லை. நீரை மட்டும் மொண்டார். உயிருள்ள எதுவும் தோலும் செதிளும் கழிவும் உதிர்த்துக் கொண்டே இருக்கும். அவற்றிலுள்ள மரபணுத் துணுக்குகள் சில நாள் நீரில் நிற்கும். ஏறக்குறைய 250 இடங்களில் எடுத்த நீரில் மீன், மான், பன்றி, மாடு, மனிதன் எல்லாருடைய அடையாளமும் கிடைத்தது. ஊர்வன இனத்தின் அடையாளம் ஒன்றுகூட இல்லை. விலாங்கு மீனின் அடையாளம்தான் எங்கும் நிறைந்திருந்தது. கரையிலே வந்து நீர் குடித்த மானையே காட்டிக் கொடுக்கும் சோதனை, நீருக்குள்ளேயே குடியிருக்கும் பூதத்தை விட்டுவிடுமா? 2019இல் அம்முடிவு வெளியானபோது நெஸ் ஏரிப் பூதத்தின் கதை என்னளவில் முடிந்தது.

ஆனால் எல்லா ஏரிப் பூதங்களும் ஒன்றல்ல. நம் நாட்டிலேயே ஒன்று உண்டு. அதன் பெயர் 'புரு'. நெஸ்ஸைப் பற்றிப் பேசும் நம் மாணவர் பலர் இப்பெயரைக் கேட்டிருக்கவே மாட்டார்கள் என்பது எனக்குச் சிறு வருத்தம்.

அருணாசலப் பிரதேசத்தில், கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், ஜீரோ என்னும் பள்ளத்தாக்கில் அபதானி மக்கள் வாழ்கிறார்கள். வயலில் நெல்லோடு மீனும் வளர்க்கும் கெட்டிக்கார உழவர்கள். தங்கள் முன்னோர் வந்தபோது அப்பள்ளத்தாக்கு சதுப்பு ஏரியாக இருந்தது என்றும், அதில் புருக்கள் வாழ்ந்தன என்றும், நீரை வடித்து நிலமாக்கியபோது அவை மாண்டன என்றும் அவர்கள் வழிவழியாகச் சொல்லி வந்தார்கள். கடைசியாக ஊற்றுக்குழிகளில் ஒதுங்கியவற்றைக் கல்லும் மண்ணும் போட்டு மூடிவிட்டார்களாம். 1940களின் நடுவில் அதிகாரிகளான மில்ஸும் ஸ்டோனரும் இதைக் கேட்டு எழுதி வைத்தார்கள். நீளம் ஏறக்குறைய 4 மீட்டர். கருநீல உடலில் வெண்திட்டுகள். செதிளற்ற மீனைப்போன்ற தோல். நீரிலிருந்து கழுத்தை நீட்டி முழங்கும். அடுத்துள்ள ரிலோ என்ற இடத்துச் சதுப்பில் புரு இன்னும் உயிரோடிருக்கிறது என்ற பேச்சும் கிளம்பியது. 1948இல் ஸ்டோனரும் ரால்ஃப் இஸார்டு என்ற நிருபரும் அங்கே போய்க் காத்திருந்தார்கள். அனுப்பியது யார் தெரியுமா? நாம் முன்பே சந்தித்த 'டெய்லி மெயில்'தான்! புரு வரவில்லை. இஸார்டு 1951இல் ஒரு புத்தகம் எழுதினார். அத்துடன் உலகம் மறந்துவிட்டது.

இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நெஸ் ஏரிக்காரர், பூதம் இன்றும் இருக்கிறது, வந்து பாருங்கள், தங்க ஓட்டலும் உண்டு என்கிறார். அபதானியரோ, இருந்தது, நாங்களே கொன்றோம், அந்த இடத்தில் இப்போது நெல் விளைகிறது என்கிறார். பின்னவருக்கு இதில் ஆதாயம் எதுவுமில்லை. மேலும், ஏரி வற்றினால் அதிலுள்ளது அழியும் என்பது நாம் நன்கறிந்த நடப்பு. பொய்யென்று ஒரே வீச்சில் தள்ள என்னால் முடியவில்லை.

எனில் அது என்ன விலங்கு? முதலை என்பது முதல் நினைப்பு. ஆனால் முதலை வெயிலை நம்பி வாழும் தாழ்நிலத்துப் பிராணி; குளிர்காலத்தில் உறைபனி படியும் ஜீரோவில் தலைமுறை தலைமுறையாகத் தாக்குப் பிடிக்குமா? தோலும் பொருந்தவில்லை. நுரையீரல் மீன் என்று சிலர் கருதுகிறார்கள். சேற்றில் புதைந்து கிடக்கும், மூச்சு விட மேலே வரும், அவ்வளவும் பொருந்துகிறது. ஆயினும் அம்மீன் இன்று ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகியவற்றில்தான் உண்டு, ஆசியாவில் இல்லை. என் எண்ணத்தைக் கேட்டால், சீனத்து மலையோடைகளில் வாழும் இராட்சத சாலமாண்டரைச் சொல்வேன். தவளைக்கு உறவு, வழவழப்பான தோல், குளிர்ந்த நீரே அதற்கு வீடு, ஆறடி வரை வளரும். ஆறடி எப்படிப் பதின்மூன்றடியாயிற்று என்று கேட்காதீர்கள். தப்பிய மீனும் மறைந்த மூதாதையும் ஆண்டுக்கு ஆண்டு வளர்வது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். இஃது ஊகமே, சான்று அன்று.

சான்று கிடைக்க வழி உண்டு. நெஸ் ஏரியில் இல்லாத ஒரு வசதி ஜீரோவில் இருக்கிறது: புதைத்த கதை. காற்றுப் புகாத சதுப்புச் சேறு எலும்பை நெடுங்காலம் காக்க வல்லது. அடிச்சேற்றிலே பழைய மரபணுத் துணுக்குகளையும் இப்போது படிக்கிறார்கள். நெல்வயலின் கீழிருந்து கையளவு எலும்பு ஒன்று வெளிப்பட்டாலும் போதும். அது மீனா, முதலையா, சாலமாண்டரா, எத்தனை ஆண்டுக்கு முன் மாண்டது என்பதை ஆராய்ச்சிக்கூடத்தார் சில வாரங்களில் சொல்லிவிடுவார்கள். நம் மாணவரில் விலங்கியல் படிப்பவர் யாரேனும் அப்பக்கம் போக நேர்ந்தால், முதலில் அபதானிப் பெரியவர்களிடம் அந்த ஊற்றுக்குழிகள் எங்கே என்று கேட்கட்டும்.