ஊழியரைக் கேளாமல் வந்த கணினி

உங்கள் நிறுவனத்தில் புதிய கணினி முறையைப் புகுத்த எண்ணுகிறீர்களா? 1992 அக்டோபர் 26 அன்று இலண்டனில் நடந்ததை முதலில் அறிந்துகொள்ளுங்கள்.

அந்நகர ஆம்புலன்ஸ் சேவையில், உதவி கேட்டு வரும் அழைப்புகளைத் தாளில் எழுதி, எந்த வண்டி செல்ல வேண்டுமென ஊழியர்களே நெடுங்காலமாகத் தீர்மானித்து வந்தனர். அன்று அப்பொறுப்பு கணினியிடம் ஒப்படைக்கப்பட்டது. கட்டுப்பாட்டு அறையில் இருக்கைகள் மாறின; பழகிய தோழர்கள் பிரிக்கப்பட்டனர்; கைக்கெட்டிய தாள்களும் இல்லை. வண்டிகளில் இருந்தோர், போதிய பயிற்சியின்றிப் பொத்தான்களை முறைமாற்றி அழுத்தினர். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பதே கணினிக்குத் தெரியாமற் போயிற்று. ஓரிடத்துக்கு இரு வண்டிகள் சென்றன. வேறிடத்தில் நோயாளிகள் பல மணி நேரம் காத்துக் கிடந்தனர். இரண்டே நாளில் தலைமை நிர்வாகி பதவி விலகினார். நவம்பர் 4 அன்று, மூன்று வாரங்களுக்கு முன் கவனக்குறைவாக விட்டுவைத்த ஒரு சிறு நிரல் துண்டினால் கணினியே நின்றுவிட்டது.

ஊழியர் ஒத்துழைக்கவில்லை என்று பழிபோடுவது எளிது! ஆனால் 1993இல் வெளியான விசாரணை அறிக்கை, நிர்வாகம் விதித்த நெருக்கடியான காலக்கெடுவையும் பயிற்சிக் குறைவையும் சுட்டிற்று.

அடுத்து வந்த நிர்வாகம் அவசரப்படவில்லை. தாள்முறையையே முதலில் சீர்செய்தது. திரை எப்படி அமைய வேண்டுமென அதன்முன் அமரப்போகிறவர்களையே கேட்டது; நம் குடும்பங்களில் மஷூரா செய்வோமே, அதுபோல. 1996 ஜனவரியில் புதிய கணினி இயங்கத் தொடங்கியது. பழைய குழப்பம் நேரவில்லை.