நல்ல நூலை நண்பர்க்கு எடுத்துரைத்தல்

ஒரு மாணவர் தாம் விரும்பிக் கற்ற நூலைத் தம் தோழர்க்கு எடுத்துரைத்தல் சிறு செயலாகத் தோன்றும். ஆயினும், நூல் நிலையப் பட்டியல் செய்யமாட்டாத காரியத்தை அச்சிறு சொல் செய்துவிடும். பட்டியல் நூற்பெயரையும் ஆசிரியர் பெயரையும் கூறுமேயன்றி, இந்நூல் இன்னார்க்குத் தகும் என்று கூறாது. ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைதல் வேண்டும் என்பதை, சீ. இரா. அரங்கநாதன் அவர்கள் 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் ஒன்றாக வைத்தார்கள்.

இதற்குத் தக்கதொரு சான்று நம் நாட்டிலேயே உண்டு. 1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்த உ. வே. சாமிநாதையரவர்கள், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார்கள். தாம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் முதலியவற்றை ஐயர் அடுக்கிக் கூறியும் முதலியார் வியப்புறவில்லை. சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். பின்னர் அந்நூற்பிரதி ஒன்றையும் அளித்து, தமக்குப் பாடஞ் சொல்லுமாறு வேண்டினார். அவ்வினாவின் பயன் யாது? ஐயரவர்கள் 1887-இல் சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும், 1898-இல் மணிமேகலையையும் பதிப்பித்து உதவினார்கள்.

இந்நிகழ்ச்சியினின்று நாம் கொள்ளத்தக்கவை மூன்று. கேட்பவர் இதுகாறும் எவற்றைக் கற்றுள்ளார் என்பதை முதலியார் முன்னர் அறிந்துகொண்டார். பெயரைச் சொன்னதோடு அமையாது நூலையும் கையிற் கொடுத்தார். உடனிருந்து கற்கவும் முன்வந்தார்.

நாமோ பெரும்பாலும், 'மிக நல்ல நூல்' என்று கூறி அமைந்துவிடுகிறோம். அப்புகழ்ச்சியால் கேட்பவர் அறிவது ஒன்றுமில்லை. வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்த முதல் தமிழ் நாவல் என்று மட்டும் உரைத்தால், தேர்வுக்குரிய செய்தியென்றே தோழர் கருதுவார். அதில் கிளைக்கதைகளும் நகைச்சுவையும் மிக உண்டு. ஆகவே, சிறிது சிறிதாகப் படிப்பார்க்கு அது விருந்தாகும். கதை விரைந்து செல்ல வேண்டும் என்பார்க்கோ, அக்கிளைக்கதைகளே தடையாகத் தோன்றும். இவ்விரண்டையுங் கூறுதலே முறை. அங்ஙனமே, வறுமையிடையே கல்வியை நாடும் மாணவர்க்கு ஐயரவர்களின் 'என் சரித்திரம்' பெருந்துணையாம். எனினும் 1942-இல் அவர் மறைந்தமையால் அது முற்றுப்பெறாது நின்றுவிட்டது என்பதையும் மறையாது சொல்லுதல் வேண்டும். குறையை மறைத்துப் புகழ்வாரது சொல்லை, மறுமுறை எவரும் நம்பார்.

ஆதலின், அன்பர்காள், இவ்வாண்டு நீவிர் கற்றவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அதற்குத் தக்க தோழர் ஒருவரையும் தேர்வீராக. பல்லாண்டு எவர் கையும் தீண்டாது அலமாரியிற் கிடக்கும் நூலொன்று, நும் ஒரு சொல்லால் உயிர்பெறக் கூடும்.