காந்தம் எலும்பை ஒட்ட வைக்குமா?

மேலும் கீழும் தாராளமாகச் சாயும்படி நடுவில் தொங்கவிட்ட ஒரு காந்த ஊசியைத் திருச்செந்தூர்க் கடற்கரையில் வைத்துப் பாருங்கள். அது ஏறக்குறையத் தரைக்கு இணையாகப் படுத்துக்கொள்ளும். அதே ஊசியை டெல்லிக்குக் கொண்டுபோனால், அதன் வடமுனை 40 பாகைக்கு மேல் கீழே சாய்ந்துவிடும். பூமியின் காந்த நடுக்கோடு நம் நாட்டின் தென்கோடி வழியாகப் போவதால்தான் இந்த வேறுபாடு. 1963இல் இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவக் கேரளத்தின் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கும் இதுவே காரணம். திருச்செந்தூரிலிருந்து நெல்லைக்குப் பேருந்தில் போகிறவர்கள் கிருஷ்ணாபுரத்தைத் தாண்டியிருப்பீர்கள். சிற்பங்களுக்குப் பேர்போன அந்த ஊரில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்றும் இருக்கிறது. இரவும் பகலும் பூமியின் காந்தத்தை அளப்பது அங்கே நடக்கிற வேலைகளில் ஒன்று.

நம் பக்கத்தில் பூமியின் காந்தப் புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. பிறந்த நாளிலிருந்து இதற்குள்தான் ஓடி ஆடுகிறோம். உடம்புக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் திருவிழாக் கடைகளில் காந்த வளையமும் காந்த மாலையும் விற்பார்கள். கட்டிக்கொண்டால் எலும்பு வலி போகும், முறிந்த எலும்பு கூடும் என்பார்கள். இது உண்மையா? பதில் சொல்வதற்கு முன்னால் எலும்பைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

எலும்பு கல்லைப் போல உயிரற்ற பொருள் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குள் ரத்தம் ஓடுகிறது. பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும், புது எலும்பைக் கட்டும் செல்களும் உள்ளே ஓயாமல் வேலை பார்க்கின்றன. அதனால்தான் கை முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைத்தாலே பெரும்பாலும் தானாகக் கூடிவிடுகிறது. சில முறிவுகள் மட்டும் மாதக்கணக்கில் கூடாமல் அடம்பிடிக்கும். நடுவில் இடைவெளி விழுந்திருக்கலாம், சீழ் பிடித்திருக்கலாம், ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். அப்போது மருத்துவர்கள் பெரும்பாலும் நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே கொஞ்சம் எலும்பை எடுத்து அந்த இடைவெளியில் வைப்பார்கள். இதுதான் எலும்பு ஒட்டு. வீடு கட்டும்போது கொத்தனார் ஏறி நிற்கச் சாரம் கட்டுவார்களே, அந்த வேலையைத்தான் வைத்த எலும்பு செய்கிறது. புதுச் செல்கள் அதன்மேல் ஊர்ந்து வந்து பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, அந்த இடத்தில் புதிதாகக் கட்டுகின்றன. 1880 வாக்கில் ஸ்காட்லாந்தில் வில்லியம் மெக்யூவன் என்ற அறுவை மருத்துவர், சீழ் பிடித்து மேற்கை எலும்பை இழந்த ஒரு சிறுவனுக்கு, வேறு குழந்தைகளின் கால் எலும்பிலிருந்து எடுத்த துண்டுகளை வைத்து அந்தக் கையைக் காப்பாற்றினார்.

முத்துக்குளித்துறைப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு செய்தி சொல்லியாக வேண்டும். முத்துச் சிப்பியின் உட்புறம் பளபளக்கிறதே, அந்தப் பூச்சும் எலும்பு செல்களைத் தூண்டுகிறது. பாரிஸில் எவ்லின் லோபெஸ் குழுவினர் 1992இல் இதை ஆய்வுக்கூடத்தில் காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது நம் கடல் முத்துச் சிப்பிக்கு நெருங்கிய உறவான ஒரு பெரிய சிப்பியை.

இனி காந்தத்துக்கு வருவோம். கதை மின்சாரத்தில் தொடங்குகிறது. 1953இல் ஜப்பானில் இவாவோ யாசுடா என்ற மருத்துவர் முயலின் தொடை எலும்பில் மிக மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தினார். மின்முனைக்கு அருகில் புது எலும்பு வளர்ந்தது. 1957இல் அவரும் எய்ச்சி ஃபுகாடா என்ற இயற்பியலாளரும் சேர்ந்து, எலும்பை அழுத்தினால் அதுவே மின்சாரத்தை உண்டாக்குகிறது என்று காட்டினார்கள். உயிருள்ள எலும்பில் நுண்துளைகள் வழியாக ஓடும் உப்புநீரும் மின்சாரம் உண்டாக்குகிறது என்று பின்னால் தெரியவந்தது. நீங்கள் மணலில் ஓடும் ஒவ்வோர் அடியிலும் உங்கள் கால் எலும்புக்குள் இது நடக்கிறது!

எலும்புக்குள் மின்சாரம் செலுத்த வேண்டுமானால் சதையைக் கிழித்துக் கம்பி சொருக வேண்டுமே? அதற்கு வழி கண்டவர் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பாசெட். அவர் செய்ததை உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே செய்து பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் குழாய்மேல் வைண்டிங் கம்பியை 200 சுற்றுச் சுற்றுங்கள். இரு முனைகளிலும் பூச்சைச் சுரண்டிவிட்டுக் கால்வனாமீட்டரில் இணையுங்கள். குழாய்க்குள் ஒரு சட்டக் காந்தத்தைச் சட்டென்று நுழையுங்கள், முள் துள்ளும். வெளியே இழுங்கள், எதிர்ப்பக்கம் துள்ளும். காந்தத்தை உள்ளேயே அசைக்காமல் வையுங்கள். முள் பூஜ்ஜியத்துக்குத் திரும்பி அங்கேயே நிற்கும். எவ்வளவு பெரிய காந்தமாக இருந்தாலும் அப்படித்தான். மாறுகிற காந்தப் புலம்தான் மின்சாரத்தைத் தூண்டும். மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டுபிடித்தது இது.

பாசெட் கம்பிச் சுருளை முறிந்த எலும்புக்கு மேலே, தோலுக்கு வெளியிலேயே வைத்து அதில் விட்டு விட்டு மின்சாரம் செலுத்தினார். காந்தப் புலம் எழுந்து எழுந்து அடங்கியது. அதனால் எலும்புக்குள் மெல்லிய மின்சாரம் பிறந்தது. கத்தி வேண்டியதில்லை, கம்பி சொருக வேண்டியதில்லை. 1974இல் நாய்களிடம் செய்த சோதனையை வெளியிட்டார். 1979இல் கூடாத முறிவுகளுக்கு இதைப் பயன்படுத்த அமெரிக்க அரசு அனுமதி தந்தது. இந்தக் கருவிகளின் புலம் பூமியின் புலத்தைப் போலச் சில மடங்கு முதல் 50 மடங்கு வரை இருக்கும். தினமும் மணிக்கணக்கில், பல மாதங்கள் கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

எலும்பு ஒட்டும் காந்தச் சுருளும் சேர்ந்தால்? 1982இல் பாசெட் குழுவினர் அந்தக் கணக்கையும் வெளியிட்டார்கள். கடினமான முறிவுள்ள 38 பேருக்கு இரண்டையும் சேர்த்துச் செய்ததில் 33 பேருக்கு எலும்பு கூடியது. பிரமாதம் என்று கைதட்டத் தோன்றுகிறது அல்லவா? கொஞ்சம் பொறுங்கள். அந்த 33 பேரைக் குணமாக்கியது ஒட்டு எலும்பா, காந்தமா, அசையாமல் வைத்திருந்த கட்டா? எல்லாருக்கும் எல்லாமும் செய்ததால் இந்தக் கணக்கை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கரும் நண்பர்களும் இதற்கு ஓர் அருமையான வழி வைத்திருந்தார்கள். இந்த முழுக் கதையிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கால் எலும்பு கூடாத 16 பேருக்குக் கட்டுப் போட்டு, காலை ஊன்றாமல் இருக்கச் செய்தார்கள். 9 பேருக்கு வேலை செய்யும் கருவி; 7 பேருக்குப் பார்வைக்கு அதே மாதிரியான, ஆனால் காந்தம் வராத பொம்மைக் கருவி. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பரிசோதிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. 1984இல் முடிவைச் சொன்னார்கள். உண்மைக் கருவியில் 9 பேரில் 5 பேருக்குக் கூடியது. பொம்மைக் கருவியில் 7 பேரில் 5 பேருக்குக் கூடியது! கட்டும் ஓய்வுமே பாதிக்கு மேற்பட்டவர்களைக் குணமாக்கிவிட்டன.

அத்தோடு காந்தத்தைத் தூக்கிப் போட்டுவிடவும் முடியாது. 16 பேர் மிகச் சிறிய கூட்டம். 2003இல் 34 பேரை வைத்து நடந்த இன்னொரு சோதனையில், உண்மைக் கருவி பெற்ற 18 பேரில் 16 பேருக்கும், பொம்மைக் கருவி பெற்ற 16 பேரில் 8 பேருக்கும் எலும்பு கூடியது. ஆனால் யார் யார் புகைபிடிக்கிறவர்கள் என்பதையும் கணக்கில் சேர்த்தபோது இந்த வித்தியாசம் உறுதி குறைந்துவிட்டது. புகை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். வீட்டில் பெரியவர்கள் யாருக்காவது முறிவு என்றால் இதை மட்டும் தயங்காமல் சொல்லுங்கள்.

ஆகவே இன்றைய நிலை இது: துடிக்கும் காந்தப் புலம் சில முறிவுகளுக்குத் துணையாக இருக்கலாம். நல்ல அறுவை சிகிச்சையும் சரியான ஒட்டும் அசையாத கட்டும்தான் முதலில் வேண்டும். இன்னும் பெரிய சோதனைகள் தேவை.

திருவிழாக் கடை வளையத்துக்கு இந்தத் துணை என்ற இடம்கூடக் கிடையாது. அதிலுள்ள காந்தம் துடிப்பதில்லை; குழாய்க்குள் அசையாமல் வைத்த காந்தத்துக்குக் கால்வனாமீட்டர் முள் என்ன பதில் சொன்னது என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள். அடுத்த முறை யாராவது எந்த மருந்தையாவது, கருவியையாவது புகழ்ந்தால், எத்தனை பேருக்குக் குணமானது என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். பொம்மைக் கருவி வைத்த பக்கம் எத்தனை பேருக்குக் குணமானது என்றும் கேளுங்கள். விளையாடும்போது யாருக்காவது கை கால் வீங்கி எலும்பு முறிந்த மாதிரி இருந்தால், இழுக்காமல், உருவிவிடாமல், ஒரு மட்டையையோ பலகையையோ வைத்துக் கட்டி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.