கைக்குழந்தையும் ஓட்டல் இரைச்சலும்

மும்பையின் சுனாபட்டி, தாராவி, சயான் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் விருந்து எங்கே என்பதை வீட்டின் அளவே முடிவு செய்துவிடுகிறது. ஒற்றை அறையும் அதையொட்டிய அடுப்படியுமாக அமைந்த வீட்டில் உறவினர் பத்துப் பேரை ஒரே பந்தியில் அமர்த்த முடியாது. ஆகவே குழந்தைக்குப் பெயர் சூட்டினாலும் காது குத்தினாலும் அன்றிரவுச் சாப்பாடு ஓட்டலில்தான். அப்போது ருசிக்கும் விலைக்கும் கிடைக்கும் யோசனையில் கால்பங்குகூட இரைச்சலுக்குக் கிடைப்பதில்லை. அதனால் இழப்பவர் பெரும்பாலும் குழந்தையின் தாயே. குழந்தை வீறிட்டதும் எழுந்து வாசலுக்குப் போகிறவர் அவர்தான். திரும்பி வரும்போது மற்றவர்கள் மோர்ச்சாதத்தை முடித்திருப்பார்கள்.

இப்பகுதியினர் முதலில் நினைக்கும் மாட்டுங்கா ஓட்டல்கள் அமைதிக்காகக் கட்டப்பட்டவை அல்ல. 1896இல் பரவிய பிளேக் நோய்க்குப் பின், 1898இல் அமைக்கப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வகுத்த தாதர்–மாட்டுங்கா குடியிருப்புத் திட்டத்தில் தென்னிந்தியர்கள் திரளாகக் குடியேறினர். எழுத்தர்களும் மாணவர்களுமாக இருந்த அவர்களுக்குக் குறைந்த விலையில் சுத்தமான சைவ உணவு அளிக்க உடுப்பி வட்டாரத்தார் முன்வந்தனர். 1936இல் கஃபே மைசூர், 1940இல் கஃபே மெட்ராஸ், 1942இல் இலைச்சாப்பாட்டுக்குப் பெயர்பெற்ற ஏ. ராம நாயக்கின் ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் ஆகியவை தோன்றின. மலிவு விலை கட்டுப்படியாக வேண்டுமானால் ஒரே இருக்கையில் அடுத்தடுத்து ஆட்கள் அமர வேண்டும். அதற்கு ஈரத்துணியால் துடைத்தவுடன் காயும் மேசையும், கழுவ எளிதான கல்தரையும், உடையாத எவர்சில்வர் பாத்திரமும் வேண்டும். இன்றும் இவ்வகை ஓட்டல்களுக்குப் பெருமை சேர்க்கும் இந்தச் சுறுசுறுப்பே அவற்றின் ஓசைக்கும் காரணம்.

துணியும் மரமும் ஒலியை ஓரளவு உறிஞ்சிக்கொள்ள, கல்லும் கண்ணாடியும் உலோகமும் அதைத் திருப்பி அனுப்புகின்றன. எழுந்த ஒலி அடங்குவதற்குள் அடுத்த ஒலி அதன்மேல் படிவதை எதிர்முழக்கம் என்பர். அதனுள் பேசுபவர் தம்மையறியாமலே குரலை உயர்த்துவதை 1911இல் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் விளக்கினார். ஒரு மேசை குரலை உயர்த்தினால் அடுத்த மேசையும் உயர்த்தும், கூடம் முழுவதும் ஏறிக்கொண்டே போகும். ஒலியின் அளவான டெசிபெலில் பத்து கூடினால் ஒலியாற்றல் பத்து மடங்காகிறது. சாதாரணப் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபெல் என்றால், நெரிசலான உணவுக்கூடம் 80ஐ எட்டுவது அரிதன்று.

கைக்குழந்தைக்கு இது பெரியவர்களுக்குப் போல் இருப்பதில்லை. குழந்தையின் செவிக்குழல் குட்டையானது என்பதால் கூர்மையான ஒலிகளை அது மேலும் பெருக்கிக் காட்டுகிறது. கரண்டி விழும் சத்தமும் தட்டுகளை அடுக்கும் சத்தமும் அவ்வகையைச் சேர்ந்தவை. அத்துடன், குழந்தைகளின் அழுகை பிறந்த ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்தை அடைந்து, மாலை வேளைகளில் மிகுந்திருப்பதை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன் 1962இல் பதிவு செய்தார். ஆகவே மூன்று மாதம் நிறையாத குழந்தை இருக்கும் குடும்பத்துக்கு இரவு விருந்தைக் காட்டிலும் பகல் விருந்தே ஏற்றது. பகல் பதினொன்றரை மணிக்குக் கூட்டமும் குறைவு, குழந்தையின் மனநிலையும் இசைவாக இருக்கும். சற்று வளர்ந்த குழந்தையானால் வார நாளில் ஏழு மணிக்கே போய்விடலாம், ஏனெனில் மும்பையின் இரவுக் கூட்டம் எட்டரைக்குப் பிறகே சேர்கிறது. ஞாயிறு காலையில் மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பெயர் எழுதிக்கொடுத்துக் காத்திருப்பது நண்பர்களுக்குச் சுகமாக இருக்கலாம், பாலூட்டும் தாய்க்கு அது தகாது.

நேரத்துக்கு அடுத்தது இருக்கை. சமையலறைக் கதவு, கைகழுவும் தொட்டி, கல்லாப்பெட்டி ஆகிய மூன்றுக்கும் எட்ட, இருபுறமும் சுவருள்ள மூலையே சிறந்தது. அங்கே தாய் கூடத்துக்கு முதுகு காட்டி அமர்ந்து பாலூட்டவும் முடியும். பழைய ஓட்டல்களில் திரையிட்ட ‘ஃபேமிலி ரூம்’ இந்த வசதியைத் தந்தது. அது மறைந்துவருவது உண்மையான இழப்பு. குளிரூட்டிய கூடம் தெருவோசையைத் தடுத்தாலும், தாழ்ந்த கூரையும் கண்ணாடிச் சுவரும் உள்ளோசையைப் பெருக்கும்; குளிர்காற்று நேரே குழந்தைமேல் படுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பத்துப் பேரும் ஒரே நீள மேசையில் அமர்ந்தால் இரு முனையிலும் இருப்பவர்கள் கத்திப் பேச நேரும் என்பதால், அருகருகே இரண்டு மேசைகளாகப் பிரிந்து அமர்வதே அமைதி தரும்.

போக்குவரத்தும் இதில் சேர்ந்ததே. ஆட்டோக்கள் சயானைத் தாண்டித் தெற்கே செல்ல அனுமதி இல்லாததால், சுனாபட்டியிலிருந்து மாட்டுங்கா செல்ல டாக்சியோ பேருந்தோ தேவை. செம்பூர் ஓட்டலானால் ஆட்டோவே போய்விடும், ஹார்பர் ரயிலில் குர்லாவும் திலக் நகரும் கடந்தால் அடுத்த நிலையம் செம்பூர்தான். குழந்தை அழுதால் உடனே வீடு திரும்பக்கூடிய தூரத்தில் ஓட்டல் இருப்பது மாட்டுங்காவின் புகழைவிட அன்றைக்குப் பெரிது.

முடிவெடுக்கும் முன், போக நினைக்கும் அதே கிழமையில் அதே நேரத்தில் ஓட்டலுக்குத் தொலைபேசியில் பேசி மூலை மேசை கிடைக்குமா என்று கேட்பது நல்லது. அவர்கள் தரும் பதில் ஒருபுறமிருக்க, பேசுபவரின் குரலுக்குப் பின்னால் கேட்கும் இரைச்சலே அந்தக் கூடத்தின் நிலையைத் தெரிவித்துவிடும்.