பன்னிரண்டில் ஒரு பங்கு

பெரியதொரு பொருளைச் சிறிதாக்கிக் கையில் ஏந்திப் பார்க்கும் விருப்பம் மாந்தருக்கு மிகப் பழையது. குழந்தைகள் உருட்டி விளையாடும் சிறுதேர் அவ்விருப்பத்தின் எளிய வடிவம். சிறுதேர் பெருந்தேரை நினைவூட்டினால் போதும். பெருந்தேரின் ஒவ்வோர் உறுப்பும் அதில் இருந்தாக வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. அளவுமாதிரி அத்தகையதன்று. மூலப்பொருளின் எல்லா உறுப்புகளையும் ஒரே விகிதத்தில் சுருக்கிக் காட்டுவதே அளவுமாதிரி. ஒரு திருகாணி கூட விகிதம் தப்பினால் கண் அதனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கடைகளில் கிடைக்கும் மாதிரிப் பெட்டிகளில் நெகிழி உறுப்புகள் முன்னரே வார்த்து அடுக்கப்பட்டிருக்கும். அவற்றை ஒட்டி வண்ணம் தீட்டுவதும் ஒரு கலையே. ஆனால், எந்த உறுப்பையும் விலைக்கு வாங்காமல், பித்தளைத் தண்டு, அலுமினியத் தகடு, எஃகுக் கம்பி, மரக்கட்டை, தோல் ஆகிய மூலப்பொருள்களிலிருந்தே ஒரு பந்தயக் காரை முழுவதுமாகப் படைப்போர் சிலர் உள்ளனர். இங்கிலாந்தின் ஜெரால்டு விங்குரோவும் இத்தாலியின் தூரின் நகரைச் சேர்ந்த மிக்கேலே கோன்தியும் இக்கலையில் பெரும்பெயர் பெற்றவர்கள். விங்குரோவ் தம் செயல்முறைகளை நூல்களாகவும் எழுதி வெளியிட்டார்.

மாதிரியின் விகிதம் 1/43, 1/24, 1/15, 1/12, 1/8 எனப் பலவாறு அமையும். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்பது 1/12. இந்த விகிதத்தில் முழுக் காரும் ஒருவரது முழங்கை முதல் விரல்நுனி வரையிலான நீளத்திற்குள் அடங்கிவிடும்.

இல்லாத காருக்கு மாதிரி

உயிரோடிருக்கும் மனிதரைப் பார்த்து ஓவியம் தீட்டுவது ஒன்று. மறைந்தவரை நிழற்படங்களிலிருந்து மீட்டுத் தீட்டுவது வேறொன்று. பந்தயக் கார்களில் இரண்டாம் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஃபெராரி 156. 1.5 லிட்டர் கொள்ளளவும் 6 சிலிண்டர்களும் உடையதாதலால் அப்பெயர் பெற்றது. முன்புறத்தில் இரு மூக்குத் துளைகள் போன்ற காற்றுவாயில்கள் அமைந்திருந்தமையால் மக்கள் அதனைச் 'சுறாமூக்கு' என்றே அழைத்தனர்.

1961ஆம் ஆண்டு உலகப் பட்டத்திற்கு இந்தக் காரை ஓட்டிய இருவரே தமக்குள் போட்டியிட்டனர். ஒருவர் அமெரிக்கரான பில் ஹில். மற்றவர் செருமானியரான வுல்ஃப்காங் ஃபான் டிரிப்ஸ். செப்டம்பர் 10 அன்று மோன்சா களத்தில் நடந்த பந்தயத்தின் இரண்டாம் சுற்றில், ஃபான் டிரிப்சின் காரும் ஜிம் கிளார்க்கின் லோட்டஸ் காரும் உரசிக்கொண்டன. ஃபெராரி கரைமேடேறிப் புரண்டது. ஃபான் டிரிப்சும் பார்வையாளர் பலரும் உயிரிழந்தனர். அன்றைய பந்தயத்தில் வென்ற பில் ஹில், ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில் உலக வாகையர் ஆனார். அந்த வெற்றியைத் தந்த கார்களை நிறுவனம் பின்னர் உடைத்தெறிந்துவிட்டது. அக்காலத்தில் பழைய பந்தயக் கார் என்பது பயன்முடிந்த கருவி, அவ்வளவே. இன்று மூலச் சுறாமூக்கு ஒன்றுகூட எஞ்சவில்லை. முழு அளவிலேயே பிற்காலத்தில் ஆக்கப்பட்ட படிகள் மட்டும் உள்ளன.

ஆகவே இக்காருக்கு மாதிரி செய்பவர் அளவுகோலை எடுத்துக்கொண்டு அருங்காட்சியகம் செல்ல இயலாது. அவருக்குச் சான்றுகள் நிழற்படங்களே. படத்திலிருந்து அளவெடுக்க எளிய வடிவியல் துணைபுரிகிறது. நேர் பக்கவாட்டில் பார்க்கும்போது வட்டமாகத் தோன்றும் சக்கரம், சாய்வாகப் பார்க்கும்போது நீள்வட்டமாகத் தோன்றும். அதன் உயரம் குறைவதில்லை. அகலம் மட்டும் குறைகிறது. தொலைவிலிருந்து, சக்கரத்தின் மட்டத்தில் எடுத்த படமொன்றில் சக்கரத்தின் அகலம் அதன் உயரத்தில் பாதியாக இருப்பின், காரின் நீளவாட்டு அளவுகள் அனைத்தும் பாதியாகவே சுருங்கியுள்ளன என்று கொள்ளலாம். இதற்குப் பின்சக்கரமே நம்பத்தக்கது. முன்சக்கரம் வளைவில் திரும்பியிருக்கக்கூடும். சக்கர வளையத்தின் விட்டம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. என்பது தெரிந்த செய்தி. அதனை அடிப்படையாகக் கொண்டு பிற அளவுகளைக் கணக்கிடலாம். அருகிலிருந்து எடுத்த படங்கள் இதற்கு உதவா. அவற்றில் ஒளிப்படக் கருவிக்கு அண்மையிலுள்ள மூக்கு பெருத்தும் வால் சிறுத்தும் காணப்படும்.

மற்றொரு சிக்கலும் உண்டு. பந்தயக் கார் ஒரு பருவம் முழுவதும் ஒரே உருவில் இருப்பதில்லை. அதே 1961இல் ஓடிய இக்கார்கள் சிலவற்றில் இரு சிலிண்டர் வரிசைகளுக்கு இடைப்பட்ட கோணம் 65 பாகை. சிலவற்றில் 120 பாகை. ஆதலால் தேர்ந்த கலைஞர், 'சுறாமூக்கு' என்று பொதுவாகச் செய்வதில்லை. மோன்சாவில் அன்று 2ஆம் எண் தாங்கி ஓடிய பில் ஹில்லின் கார் என்று வரையறுத்துக்கொண்டே தொடங்குகிறார்.

எந்தப் படத்திலும் அகப்படாத பகுதிகளை என் செய்வது? காரின் அடிப்பகுதி பெரும்பாலும் எவர் கண்ணிலும் பட்டிராது. சிலர் அக்காலத்துப் பிற கார்களை ஒப்பிட்டு ஊகத்தால் நிரப்புகின்றனர். சிலர் அவ்விடத்தை வெறுமையாக மூடிவிடுகின்றனர். ஊகத்தால் செய்த குழாயும் சான்றோடு செய்த குழாயும் மாதிரியில் ஒன்றுபோலவே மின்னும். பார்ப்பவர் இரண்டையும் உண்மையென்றே நம்புவர். மூலமே அழிந்துபோன ஒரு காருக்கு மாதிரிதான் நாளைய சான்று ஆகக்கூடும் என்பதால், இரண்டாம் வழியே நேர்மையானது. முதல் வழியைத் தேர்வோர், எது ஊகம் என்பதைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பதாவது வேண்டும்.

குடமும் ஆரக்காலும்

இக்காரின் சக்கரங்கள் கம்பி ஆரக்கால்களால் ஆனவை. மாதிரிக் கலைஞரின் பொறுமையை மிகுதியாகச் சோதிப்பவை இவையே. கட்டைவண்டிச் சக்கரத்தில் குடத்தின்மேல் ஏறும் சுமை, கீழ்நோக்கிய மர ஆரக்கால்களை அழுத்தி வட்டையின் வழியே நிலத்தைச் சேர்கிறது. மெல்லிய கம்பி அவ்வாறு அழுத்தத்தைத் தாங்காது, வளைந்துவிடும். அதனால் கம்பிகள் அனைத்தும் முன்னரே இழுத்துக் கட்டப்படுகின்றன. சுமை ஏறும்போது கீழ்க்கம்பிகளின் இழுவிசை சற்றே குறைகிறது, அவ்வளவுதான். எந்திரத்தின் முறுக்குவிசையைக் குடத்திலிருந்து வளையத்திற்குக் கடத்த வேண்டியிருப்பதால், கம்பிகள் நேராகச் செல்லாமல் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்கின்றன.

1/12 விகிதத்தில் வளையத்தின் விட்டம் 31.75 மி.மீ. ஆகிறது. மூலத்தில் 4 மி.மீ. தடிமனுள்ள கம்பி இங்கே 0.33 மி.மீ. மட்டுமே. முதலில் வளையத்தையும் குடத்தையும் கடைசல் பொறியில் கடைந்தெடுக்கின்றனர். பின்னர் இரண்டும் ஒரே மையத்தில் நிற்குமாறு ஓர் உலோகச் சட்டத்தில் பொருத்துகின்றனர். கம்பி நுழையும் துளைகள் ஒவ்வொன்றும் உரிய சாய்வில் இடப்படவேண்டும். அத்துளைகளை இடும் ஊசி, சற்று அழுத்தினாலும் முறிந்துவிடும். அதன்பின் கம்பிகளை அடுக்கடுக்காகக் கோக்கின்றனர். ஒரு கம்பி அளவுக்கு மீறி இறுகினால் வளையம் அப்பக்கம் சாய்ந்துவிடும். அது தெரியவருவதோ சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்கும்போதுதான். அப்போது அனைத்தையும் பிரித்து மீண்டும் தொடங்கவேண்டும். இவ்வாறு நான்கு சக்கரங்கள்.

உடல் ஆக்கம் இதற்கு எதிரான இயல்புடையது. இங்கே நுண்மையைவிட வளைவுணர்வே முதன்மை. மரக்கட்டையில் காரின் வடிவத்தைச் செதுக்கி, அதன்மேல் அலுமினியத் தகட்டை வைத்துச் சிறு சுத்தியால் தட்டித் தட்டி வளைக்கின்றனர். தட்டத் தட்ட உலோகம் விறைத்து வெடிக்கும் நிலையை அடையும். அதனை மீண்டும் இளக்கச் சூடேற்றவேண்டும். ஆனால் அலுமினியம் செந்நிறம் காட்டாமலே உருகிவிடும் இயல்பினது. எனவே தகட்டின்மேல் சோப்பைத் தேய்த்துச் சூடேற்றுகின்றனர். சோப்பு கறுக்கும் கணமே நிறுத்தவேண்டிய கணம். முழு அளவுக் கார்களின் உடலைத் தட்டியெடுத்த பட்டறைகளிலும் இதே உத்தி வழங்கியது.

பொருள்கள் சுருங்கினாலும் அவற்றின் இயல்புகள் சுருங்குவதில்லை. மூலத்தின் 1 மி.மீ. தகடு 1/12இல் ஏறத்தாழ 0.08 மி.மீ. ஆகவேண்டும், எழுதும் தாள்கூட அதைவிடத் தடிமனானது. அத்தகைய தகடு கைபட்டாலே நசுங்கும். ஆகவே தடித்த தகட்டைக் கொண்டு செய்து, வெளியே தெரியும் விளிம்புகளை மட்டும் அரத்தால் தேய்த்து மெலிதாக்குகின்றனர். வண்ணப்பூச்சும் அவ்வாறே. 0.1 மி.மீ. தடிமனுள்ள பூச்சு, முழு அளவில் 1.2 மி.மீ. தடிமனுக்குச் சமம், நுண்ணிய இணைப்புக் கோடுகளை அது விழுங்கிவிடும். இருக்கைக்கான தோலைப் பின்புறமாகச் சீவி மெலிதாக்கலாம். அதன் மேற்பரப்பிலுள்ள வரிகளைச் சிறிதாக்க வழியில்லை. வரிகள் புலப்படாத தோலைத் தேடித்தான் எடுக்கவேண்டும்.

இயங்கும் மாதிரி

பிரெஞ்சு நாட்டினரான பியேர் ஸ்கெரி, தோற்றத்தோடு நிறைவுகொள்ளவில்லை. 1972ஆம் ஆண்டு உலகப் போட்டியில் தான் பங்கேற்ற 10 பந்தயங்களிலும் வென்ற ஃபெராரி 312பிபி காரை 1/3 விகிதத்தில், இயங்கும் எந்திரத்தோடு அவர் படைத்தார். பணி முடிய ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆயின.

மூல எந்திரம் 3 லிட்டர் கொள்ளளவும் 12 சிலிண்டர்களும் கொண்டது. நீளம் மூன்றில் ஒரு பங்காகும்போது பரப்பு ஒன்பதில் ஒரு பங்காகவும், கனஅளவு இருபத்தேழில் ஒரு பங்காகவும் குறையும். எனவே 2991 கன செ.மீ. கொள்ளளவு ஏறத்தாழ 111 கன செ.மீ. ஆகிறது. அதனைப் பன்னிரண்டாகப் பகுத்தால் ஒரு சிலிண்டருக்குக் கிட்டுவது 9 கன செ.மீ.க்குச் சற்று மிகுதி. இரண்டு தேக்கரண்டி நீருக்குள் அடங்கும் இடம். அதற்குள்தான் பெட்ரோலும் காற்றும் கலந்து, பொறி பட்டு எரிந்து, பிஸ்டனைத் தள்ளவேண்டும்.

இங்கேதான் இயற்கை ஒத்துழைக்க மறுக்கிறது. பரப்பு ஒன்பதில் ஒரு பங்காகவும் கனஅளவு இருபத்தேழில் ஒரு பங்காகவும் குறைவதால், எரியும் வளியின் ஒவ்வோர் அலகுக்கும் அதனைச் சூழ்ந்த உலோகச் சுவரின் பரப்பு மும்மடங்காகிறது. வெப்பம் பிஸ்டனைத் தள்ளுமுன் சுவர் வழியே வெளியேறிவிடுகிறது. பெட்ரோல் துளியும் எண்ணெய்ப் படலமும் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிக்கொள்வதில்லை. ஆனால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடைப்பட்ட இடைவெளியோ சுருங்கியாகவேண்டும். இல்லையேல் அழுத்தம் கசிந்துவிடும். இத்தகைய சிலிண்டர்கள் 12. ஒன்று தவறினாலும் எந்திரத்தின் ஓசை சீர்கெடும். ஸ்கெரியின் எந்திரம் இயங்கியது. பன்னிரண்டு சிலிண்டர்களும் முறைப்படி எரிந்தன.